வடக்கு வரிசை

ஜூன் 3, செவ்வாய்

மூன்றாம் வார்டில் நேற்று மாலை நடந்ததை இன்று காலை கண்காணிப்பாளர் அறையில் வைத்துச் சொன்னார்கள். ஒன்பதாம் படுக்கை, பேச்சிமுத்து, வயது அறுபத்து நான்கு, நுரையீரல் நோய். பார்வையாளர் நேரத்தில் அவர் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு எழுபத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. செவிலியர் ஜெயசீலி கவனித்து, குழாயைச் சரிசெய்து, டாக்டரை அழைத்துக் காப்பாற்றிவிட்டார். இப்போது நலம். இட்லி கேட்கிறாராம்.

காரணம் எளியது. பேச்சிமுத்து தலைமாட்டை மாற்றிப் படுத்திருக்கிறார். ஆக்சிஜன் வருகிற சுவர்ப் பக்கம் கால், கால் இருக்கவேண்டிய பக்கம் தலை. குழாய் எட்டாததால் இரண்டு குழாய்களை இணைத்து நீளமாக்கியிருக்கிறார்கள். அது மெத்தைமேல் நெளிந்து கிடந்திருக்கிறது. பார்க்க வந்த மைத்துனர் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது என்கிறார்கள்.

நோயாளியை விதிப்படி படுக்க வைக்காத ஜெயசீலிமேல் விசாரணை. அவரை வார்டிலிருந்து எடுத்துத் துணி அறையில் போட்டாயிற்று. கருவிகள் பிரிவின் பொறுப்பாளர் என்ற முறையில் தொழில்நுட்ப அறிக்கை நான் தரவேண்டும். குழு கூடுவது 27ஆம் தேதி. கவனக்குறைவு என்று முடிவானால் வேலை போய்விடும் என்று கண்காணிப்பாளர் டாக்டர் நெல்லையப்பன் தெளிவாகச் சொன்னார். ஜெயசீலிக்கு இங்கே இருபத்தாறு வருட சர்வீஸ்.

வீட்டுக்குச் சமையல் கேஸ் பதிவு செய்ய மறந்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

அறிக்கையின் முதல் வரைவை முக்கால் மணி நேரத்தில் முடித்தேன். சிக்கலான விஷயம் இல்லை. படுக்கையின் தலைமாட்டுச் சுவரில் ஆக்சிஜன் இணைப்பு, மானிட்டர், மின் இணைப்பு, அழைப்பு மணி எல்லாம் இருக்கின்றன. தலையை அந்தப் பக்கம் வைத்துப் படுத்தால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மாற்றிப் படுத்தால் எதுவும் எட்டாது. விதிப்புத்தகத்தில் அது எழுதியும் இருக்கிறது.

குருபரன் சாப்பிடும்போது வரைவை எடுத்துப் படித்தார். கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டவள் நான்; அவருக்கு யார் தாளைப் பார்த்தாலும் திருத்தவேண்டும்.

"'வடிவமைத்தவர்கள் திட்டமிட்டபடி'ன்னு போட்டிருக்கியே வடிவு. யாரு அவங்க?"

"அப்போதைய குழு."

"ஓ," என்றார். மோர்க்குழம்பில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 5, வியாழன்

நேரில் பார்க்காமல் அறிக்கை கொடுப்பது எனக்குப் பழக்கமில்லை. மூன்றாம் வார்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன்.

நீளமான கூடம். தெற்குச் சுவரை ஒட்டி ஒன்று முதல் ஆறு, வடக்குச் சுவரை ஒட்டி ஏழு முதல் பன்னிரண்டு. நடுவே நடைபாதை. தெற்கு வரிசையில் ஆறு பேரும் சுவர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கிறார்கள். வடக்கு வரிசையில் ஐந்து பேர் தலையணையை மாற்றிப் போட்டு நடைபாதைப் பக்கம் தலை வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒட்டுப்போட்ட குழாய். மானிட்டர் ஒயர் எட்டாததால் தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள். மணிப் பொத்தான் ஐந்து பேருக்கும் கால்மாட்டில்.

ஏழாம் படுக்கைக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஏன் மாற்றிப் படுத்தீர்கள் என்று கேட்டேன்.

"வடக்க தல வச்சுப் படுக்கலாமா மேடம்? பூமியில காந்தம் இருக்குல்லா. மூளைய இழுத்துரும். நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியாததா."

பூமியின் காந்தப் புலம் எவ்வளவு பலவீனமானது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "சரிதான் மேடம்," என்றார். தலையணையைத் தொடவில்லை.

பத்தாம் படுக்கையில் பீர் முகமது, மளிகைக் கடைக்காரர். அவரும் மாற்றித்தான் படுத்திருந்தார். உங்களுக்குமா இந்த நம்பிக்கை என்று கேட்டுவிட்டேன்.

"எங்களுக்கு வேற கணக்கு மேடம். கபுருக் குழில வைக்கும்போதுதான் வடக்க தல. டாக்டரு சரியாப் போயிரும்னு சொல்லுதாரு, நீங்க இப்பமே அப்படிப் படுக்கச் சொல்லுதிய."

பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார். செவிலியர் வந்து என்னை முறைத்தார்.

ஜூன் 6, வெள்ளி

வடக்கு வரிசை முழுவதும் தலையணைகளைச் சுவர்ப் பக்கம் மாற்றி வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு படுக்கைக்கும் துண்டறிக்கை ஒட்டினேன். விளக்கப்படம் நானே வரைந்தது. எளிமையாக இருக்கிறது.

ஜூன் 7, சனி

காலை எட்டு மணி. வடக்கு வரிசையில் ஆறு பேரும் மாறிப் படுத்திருக்கிறார்கள். நேற்றுவரை சரியாகப் படுத்திருந்தவரும் என் துண்டறிக்கையைப் படித்த பிறகுதான் திசையைக் கவனித்தாராம்.

ஜூன் 9, திங்கள்

துணி அறைக்குப் போனேன். அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜெயசீலி படுக்கை விரிப்புகளை எண்ணிப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். உட்காரச் சொன்னேன். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. இருவரும் துணி மூட்டைகள்மேல் உட்கார்ந்தோம்.

"அறிக்கைக்காக வந்திருக்கேன் சிஸ்டர். விதி தெரிஞ்சும் ஏன் விட்டீங்க?"

"நான் வேதக்காரி மேடம், சர்ச்சுக்குப் போறவ. எனக்கு வடக்கும் ஒண்ணு தெக்கும் ஒண்ணு. ஆனா மூச்சு முட்டிக்கிட்டு வாரவன்கிட்ட பாடம் நடத்த முடியுமா? பயந்து கெடந்தா அவனுக்கு மூச்சு இன்னும் முட்டும். திருப்பிப் போட்டா அஞ்சு நிமிசத்துல அமந்துருவான். நான் எது ஒடனே வேல செய்யுதோ அதச் செஞ்சேன்."

"குழாயை ஒட்டினது?"

"சலைன் செட்டுல உள்ள இணைப்ப வெட்டி ஒட்டுவோம். ஒவ்வொரு சிப்டுலயும் இழுத்துப் பாத்துட்டுத்தான் கையெழுத்து. ஒட்டு விடல மேடம். விட்டுருந்தா என் தப்பு. அந்த அண்ணாச்சி மேல உக்காந்துட்டாரு. நான் நாலாம் படுக்கைல ஊசி போட்டுக்கிட்டு இருந்தேன். பன்னெண்டு பேருக்கு ஒருத்தி."

"எப்படிக் கவனிச்சீங்க?"

"பேச்சிமுத்து பேச்ச நிறுத்திட்டாரு. அந்த மனுசன் மைத்துனர் வந்தா பேச்ச நிறுத்த மாட்டாரு."

விசாரணையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நான் எழுந்தபோதுதான், "அம்பத்திரெண்டு வயசுல கவனக்குறைவுன்னு பேரு வாங்குனா வேற எந்த ஆஸ்பத்திரி சேக்கும்," என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. விரிப்புகளை எண்ணத் தொடங்கிவிட்டார்.

வேறு ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாற்போல இருந்தது. எனக்குத் தோன்றியதாகவும் இருக்கலாம்.

ஜூன் 11, புதன்

சாரல். துணி காயவில்லை. வார்டு கட்டியபோது போட்ட பழைய கோப்புகள் மாடி அறையில் இருக்கின்றன. சாவி எலக்ட்ரீஷியன் மாசானத்திடம். அவசரமில்லை.

ஜூன் 12, வியாழன்

நம்பிக்கைகளை விட்டுவிட்டு எண்களைப் பார்ப்பது என்று முடிவுசெய்தேன். மூன்றாம் வார்டின் சம்பவப் பதிவேடு, கடந்த மூன்று வருடம். விழுந்தது, தடுக்கியது, குழாய் கழன்றது, மின் இணைப்பு இல்லாமல் மருந்து பம்பு நின்றது என்று மொத்தம் முப்பத்தொரு பதிவுகள்.

தெற்கு வரிசையில் ஐந்து. வடக்கு வரிசையில் இருபத்தாறு.

நம்பவில்லை. வடக்கு வரிசைக்கு நோய் முற்றியவர்களை அனுப்புகிறார்களோ என்று சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தேன். இல்லை. எந்தப் படுக்கை காலியோ அது. செவிலியர்கள் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். யாருடைய பணி நேரத்திலும் கூடுதலாக இல்லை. ஜெயசீலியின் நேரத்தில் இரண்டுதான், மற்ற எல்லோரையும்விடக் குறைவு. கருவிகளும் ஒரே நிறுவனம், ஒரே வயது. இரண்டு வரிசைக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான்.

இந்தப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் கருவிகள் பிரிவின் முத்திரை இருக்கிறது. மாதாமாதம் பார்த்துக் கையெழுத்திட்டது நான். ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறேன், சேர்த்துப் பார்த்ததில்லை.

ஜூன் 14, சனி

விடுமுறை. மீன் வாங்கினேன். சாளை நன்றாக இருந்தது. குருபரன் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். அலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து கட்டில்மேல் வைத்தார்.

"நம்ம தல எந்தப் பக்கம் வடிவு?"

"தெற்கு."

"நாம இந்த வீட்டுக்கு வந்தப்ப கட்டில் அந்தப் பக்கம்லா கெடந்துச்சு? ரெண்டு பேரா இழுத்துத் திருப்பினோமே. எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டுதே."

"மின்விசிறிக் காற்று நேராப் படணும்னு திருப்பினோம்."

"நடு முகட்டுல தொங்குத மின்விசிறி," என்றார். பிறகு கையை நீட்டி என் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனார்.

கட்டிலைத் திருப்பியது மின்விசிறிக்காகத்தான்.

ஜூன் 16, திங்கள்

மாசானத்திடம் சாவி கேட்டேன்.

"நாலு நாளா பைலயே வச்சிக்கிட்டு அலையுதேன். நீங்க கேப்பியன்னு பாத்தேன், கேக்கவே இல்ல," என்றார்.

"எனக்கு வேணும்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? வார்டு கட்டும்போது பைப்பு இழுத்தது நாந்தானே மேடம்."

கோப்பு கிடைத்தது. முழுவதும் படித்தேன். தலைவலி. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

குக்கருக்கு வாஷர் மாற்றினேன். அறிக்கையில் எழுத ஒன்றும் வரவில்லை.

ஜூன் 18, புதன்

பேச்சிமுத்து வீட்டுக்குப் போகிறார் என்று தெரிந்து வார்டுக்குப் போனேன். மைத்துனரைப் பற்றி ஏதோ கதை சொல்லிக்கொண்டே சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னைத் தனியே அழைத்தார். ஒல்லியான பெண். கையில் துணிப்பை.

"அந்த சிஸ்டரத் துணிக் கட்டப் போட்டுட்டாவளாம்? அவங்க ஒண்ணும் செய்யல. தலையணைய மாத்திப் போட்டது நான். அவங்க ரெண்டு தடவ வேண்டாம்னாவ. நாந்தான் மூணாவது தடவயும் மாத்துனேன். எங்க மாமனார இந்த ஆஸ்பத்திரிலதான் வடக்க தல வச்சுப் படுக்கப் போட்டிருந்தாவ. திரும்பி வரல. எனக்கு மனசு கேக்கல. எழுதுங்க, நான் கைநாட்டு வைக்கேன்."

எழுதவில்லை. அதை எழுதினால் பழி செவிலியரிடமிருந்து நோயாளியின் மனைவிக்குப் போகும், அவ்வளவுதான். அடுத்து மைத்துனரின் எடைக்குப் போகும்.

இரண்டு நாளாக எழுதாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் வார்டின் வரைபடம் 2016 மார்ச் மாதத்தது. கட்டடக்காரர் கொடுத்த முதல் வரைபடத்தில் ஒரு வரிசைதான் இருந்தது. மறுபக்கம் வெறும் சுவர். இரண்டு வரிசையும் எதிரெதிரே இருந்தால் செவிலியர் மேசையிலிருந்து எல்லாப் படுக்கையும் ஒரே பார்வையில் தெரியும் என்று வடக்கு வரிசையைச் சேர்க்கச் சொன்னது கருவிகள் பிரிவு. அப்போதும் பொறுப்பாளர் நான்தான். நல்ல யோசனை என்று அன்று எல்லோரும் பாராட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அந்தப் பகுதி நல்ல யோசனைதான்.

அந்தக் கூட்டத்தின் குறிப்பு கோப்பில் இருக்கிறது. எழுதியது நான். ஐந்தாவது பத்தி: 'வடக்குப் பக்கம் தலை வைக்க நோயாளிகள் உடன்படமாட்டார்கள் என்று செவிலியர் ஜெயசீலி தெரிவித்தார். இது தொழில்நுட்பக் காரணம் அல்ல.' கீழே என் கையெழுத்து. அந்தக் காலத்தில் கையெழுத்து அழகாக இருந்திருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

நேற்று முழுவதும் ஒரு மாற்று வரைபடம் போட்டேன். வடக்குச் சுவரிலிருந்து நடைபாதை நோக்கி நீளும், நாலரை அடி உயரக் குட்டைத் தடுப்புச் சுவர்கள். ஆக்சிஜன், மின்சாரம், மணி எல்லாம் அந்தத் தடுப்பில். படுக்கைகள் சுவருக்கு இணையாக, தலை கிழக்கே. தடுப்பு குட்டை என்பதால் செவிலியர் பார்வை மறையாது. ஆறு படுக்கை நான்காகக் குறையும்.

அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு துணி அறைக்குப் போனேன். கூட்டக் குறிப்பின் நகலையும் எடுத்துப் போனேன். முதலில் எதைக் கொடுப்பது என்று படியிறங்கும்போது யோசித்து, குறிப்பைத்தான் கொடுத்தேன்.

ஜெயசீலி கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார். மடித்துத் திருப்பித் தந்தார்.

"ஞாபகம் இருக்கு மேடம்."

"அப்புறம் ஏன் சொல்லல? விசாரணையில முதல்ல சொல்லியிருக்க வேண்டியது இதுதானே?"

"சொல்லியிருப்பேன். ஒங்களுக்குக் கடைசி வர ஞாபகம் வரலன்னா, இருவத்தேழாந்தேதி சொல்லியிருப்பேன். எனக்கும் சோறு வேணும்லா." விரிப்பு ஒன்றை உதறி மடித்தார். "ஆனா நீங்களா வருவியன்னு நெனச்சேன். மொத நாளு வந்து மூட்டைல உக்காந்தியல்லா, கசங்குமேன்னு சேலைய ஒதுக்கிக்கிட்டு. வராதவங்களா இருந்தா நாற்காலில உக்காந்திருப்பாங்க."

மன்னிப்புக் கேட்டேன். கேட்ட விதம் நன்றாக இல்லை. அலுவலகக் கடிதம் மாதிரி இருந்தது.

"விடுங்க. அன்னைக்கு மீட்டிங்ல நான் சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க சிரிக்கல. எழுதிக்கிட்டிய. எழுதுனதாலதான இன்னைக்கு எடுக்க முடிஞ்சுது?" என்றார். பிறகு, "கையில என்ன சுருட்டு?"

வரைபடத்தை மூட்டைகள்மேல் விரித்தோம். விரலால் ஒவ்வொரு படுக்கையாகத் தொட்டுப் பார்த்தார்.

"தல கிழக்க. அப்போ கால் மேக்க."

"ஆமா. கிழக்கு எல்லாருக்கும் நல்ல திசைதானே?"

"பீர் முகமது ஆள்க மேக்க பாத்துல்லா தொழுகுதாங்க? அந்தப் பக்கம் கால நீட்ட மாட்டாங்க. மறுபடியும் தலையணைய மாத்துவாங்க, மறுபடியும் ஒட்டுப் போடுவோம். தலைய மேக்க வைங்க. கால் கிழக்க போவட்டும். அதுக்கு நம்ம ஆள்க யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. கொஞ்சம் மொணங்குவாங்க."

பென்சில் கேட்டேன். அவரிடம் துணிக்கு எண் போடும் மார்க்கர்தான் இருந்தது. அதாலேயே அம்புக்குறிகளைத் திருப்பிப் போட்டேன். வரைபடம் பார்க்க அசிங்கமாகிவிட்டது. அதை மாற்றி வரையவில்லை.

ஜூன் 23, திங்கள்

மாசானம் எட்டாம் படுக்கைக்கு ஒட்டுப்பலகையில் தற்காலிகத் தடுப்பு ஒன்று செய்து, அதற்குக் குழாயும் ஒயரும் இழுத்துக் கொடுத்தார். விதிப்படி அழுத்தச் சோதனை செய்தேன். மூன்று தடவை. "பழைய பைப்ப விட இது நல்ல பைப்பு மேடம், சும்மா சும்மா தட்டாதிய," என்றார். ஒரே ஒரு படுக்கை. யாரிடமும் திசையைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று செவிலியர்களிடம் கேட்டுக்கொண்டேன். துண்டறிக்கை ஒட்டவில்லை.

ஜூன் 26, வியாழன்

நான்கு நாளில் எட்டாம் படுக்கையில் மூன்று நோயாளிகள். யாரும் தலையணையை மாற்றவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேவைப்படவில்லை. ஒருவர் மணிப் பொத்தானை அழுத்தி வெந்நீர் கேட்டார். அந்த வரிசையில் மணி அடித்து நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்று பேரை வைத்து ஒரு முடிவுக்கு வருவது சரியல்ல. அறிக்கையில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

குருபரன் படித்தார். 'வடிவமைத்தவர்கள்' என்ற சொல்லைத் தேடினார். இப்போது அந்த இடத்தில் என் பெயர் இருக்கிறது. சிவப்பு மையால் ஓரத்தில் ஒரு சரி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கத்தை மறுபடி அச்சடிக்கவேண்டியிருந்தது.

ஜூன் 27, வெள்ளி

குழுவில் ஐந்து பேர். ஜெயசீலி கடைசி நாற்காலியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலையில். துணி அறைக்குச் சீருடை தேவையில்லை. ஆனாலும் கட்டியிருந்தார்.

என் அறிக்கையை வாசித்தேன். பதிவேட்டு எண்கள், ஒட்டுப்பலகைச் சோதனை, 2016 கூட்டக் குறிப்பு. ஐந்தாவது பத்தியை முழுவதும் வாசித்தேன். டாக்டர் நெல்லையப்பன் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது அறிக்கையா மேடம், வாக்குமூலமா?"

"ரெண்டும்தான் சார்."

"சிஸ்டர் விதிய மீறல, விதிதான் தப்புங்கிறீங்க."

"அந்த வார்டில் வடக்கு வரிசையில் விதியைக் கடைப்பிடிக்க முடியாது. ஒன்பது வருஷமா யாரும் கடைப்பிடிக்கல. மத்தவங்க சோதிக்காம ஒட்டினாங்க, இவங்க சோதிச்சு ஒட்டினாங்க. பதிவேட்டில் இவங்க நேரத்தில்தான் சம்பவம் குறைவு."

"ரெண்டு படுக்கை போகுதே. ஆஸ்பத்திரிய நடத்துற அறக்கட்டளைக்கு நான் என்ன பதில் சொல்ல?"

நான் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் ஜெயசீலி எழுந்துவிட்டார்.

"ஆறு பேரக் கால் மாட்டுலருந்து பாக்குததுக்கு, நாலு பேரத் தல மாட்டுலருந்து பாத்துக்கிடுதோம் சார்."

டாக்டர் நெல்லையப்பன் அவரை வெகுநேரம் பார்த்தார். இருவரும் ஒரே வருடம் இங்கே சேர்ந்தவர்கள் என்று பிறகு மாசானம் சொன்னார்.

முடிவு மாலை நான்கு மணிக்கு வந்தது. ஜெயசீலிமேல் குற்றமில்லை. திங்கள் முதல் மூன்றாம் வார்டு. வடக்கு வரிசையைப் பகுதி பகுதியாக மூடி மாற்றிக் கட்டுவது. ஒன்பது வருடம் பதிவேட்டில் கையெழுத்திட்டும் தவறைக் கண்டுபிடிக்காத கருவிகள் பிரிவுப் பொறுப்பாளரிடம் விளக்கம் கேட்பது.

மூன்றும் நியாயம்.

ஜூலை 1, செவ்வாய்

மழை. குருபரன் குடையைப் பேருந்தில் விட்டுவிட்டு வந்தார்.

ஜூலை 10, வியாழன்

முதல் இரண்டு தடுப்புகள் முடிந்தன. சிமென்ட் காய்வதற்குள் ஜெயசீலி வந்து தடுப்பின் விளிம்பில் கையை வைத்துப் பார்த்து, இங்கே முனை கூர்மையாக இருக்கிறது, நோயாளி எழும்போது முழங்கை இடிக்கும் என்றார். மேஸ்திரி வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார். "வரஞ்சவங்க இந்தா நிக்காங்க, அவங்ககிட்டயே கேளுங்க," என்றார் ஜெயசீலி.

முனையை உருட்டச் சொன்னேன். தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு பள்ளமும் கேட்டார். அதையும் சொன்னேன். மூன்றாவதாக ஏதோ கேட்க வாயெடுத்தார். ஒரு நாளைக்கு இரண்டு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 14, திங்கள்

எனக்கான மெமோ வந்தது. மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும். மதிய உணவு நேரத்தில் ஜெயசீலி தன் டப்பாவோடு என் அறைக்கு வந்தார். இதுவரை வந்ததில்லை. மெமோவை வாங்கிப் படித்தார்.

"மூணு பாரா. எனக்கு ரெண்டுதான் குடுத்தாங்க."

"பதவிக்குத் தகுந்த மாதிரி."

சிரித்தார். தேங்காய்ப்பால் சொதி கொண்டுவந்திருந்தார். எனக்கு ஒரு கிண்ணம் ஊற்றிவிட்டு, "பதில் எழுதிட்டியளா?" என்றார்.

எழுதியிருந்தேன். இரண்டரைப் பக்கம். அன்றைய சூழல், கட்டடக்காரர் தந்த அளவுகள், பார்வைக்கோணம் பற்றிய ஆய்வுகள். சாப்பிட்டுக்கொண்டே படித்தார். ஒரு பக்கத்தில் சொதி சிந்திவிட்டது. துடைக்கவில்லை.

"நானும் இப்படித்தான் எழுதுனேன் மேடம். பன்னெண்டு பேருக்கு ஒரு ஆளு, குழாய் எட்டாது, அது இதுன்னு ரெண்டு பக்கம். எல்லாம் நெசந்தான். ஆனா காரணம் சொல்லச் சொல்ல, நம்ம தப்பு கூடிக்கிட்டே போகுத மாதிரி இருந்துது. வேற தாள் எடுங்க."

எடுத்தேன்.

"என்ன கேக்காங்க? அந்தக் குறிப்ப எழுதுனது நீங்களா?"

"ஆமா."

"அத எழுதுங்க."

எழுதினேன். 'ஆம். ஐந்தாவது பத்தியை எழுதியது நான். செவிலியர் சொன்னதை நான் விசாரித்திருக்க வேண்டும். பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை.' அடுத்து 'ஆயினும்' என்று தொடங்கினேன். ஜெயசீலி டப்பாவை மூடி என் கைக்குக் குறுக்கே வைத்தார். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஒரு தடவை படித்தார். மணி பார்த்தார், எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"வார்டுக்கு நேரமாச்சு. தேதி போடல பாருங்க," என்றார்.